உப்புக் கிடங்கு ஃபோர்க்லிஃப்ட்: செயின் டைட் வைக்கப் போய் மாஸ்ட்டையே பிரித்த கதை

வந்த புகார் ஒரே வரிதான்: "வலது ஃபோர்க் தரையில உரசுது, செயினைக் கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க." வண்டி மூன்று டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட். சுமைக்கு அடியில் நுழையும் இரண்டு இரும்புக் கைகள்தான் ஃபோர்க், அவை மாட்டியிருக்கும் சட்டம் கேரேஜ், அது ஏறி இறங்கும் நிமிர்ந்த தூண் மாஸ்ட், அதை இழுத்துத் தூக்குவது செயின். இடம் தூத்துக்குடியில் ஓர் உப்புப் பேக்கிங் கிடங்கு. மூட்டை அடுக்கிய பேலட் பலகைகளை அடுக்குவதும் லாரிக்கு ஏற்றுவதுமாக வண்டிக்கு நாள் முழுக்க வேலை. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆயில், ஃபில்டர் எல்லாம் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், ரேடியேட்டரும் சுத்தம். பெரும்பாலான கிடங்குகளில் இப்படித்தான். ஸ்டார்ட் ஆகாவிட்டால் லோடு நின்றுவிடும் என்பதால் இன்ஜினுக்குக் கவனிப்பு தானாகக் கிடைத்துவிடும். ஆள் தலைக்கு மேல் சுமையைத் தூக்கிப் பிடிக்கிற செயினும் ஃபோர்க்கும் சத்தமில்லாமல் தேயும், அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செயின் முனையைப் பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டைப் பார்த்ததுமே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். வலது பக்கத்தில் மரை ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. இடது பக்கத்தில் இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு மரை பாக்கி. உரசும்போதெல்லாம் யாரோ ஒரு சுற்று, இரண்டு சுற்று முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நட்டை முறுக்கினால் ஃபோர்க் மேலே வரும், உரசல் நிற்கும். செயின் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கும் அதோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதில் இன்னொரு சுற்று முறுக்குவதில்லை, முதலில் செயினை அளக்க வேண்டும் என்று சொன்னேன். சூப்பர்வைசர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நல்ல வேளையாக அது வடகிழக்குப் பருவமழைக் காலம். உப்பளத்தில் வாருவது நின்றுபோய், கிடங்கில் இருக்கும் சரக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் செயினில் வெள்ளைத் தூளாக உட்கார்ந்திருந்தது மழைக்காலத்தில் உப்புத் தண்ணீராகி, செயின் பிளேட்டுகளின் இடுக்கு வழியாக, அவற்றைக் கோத்திருக்கும் பின் (pin) வரை இறங்கிவிடும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் கிடங்குகளில் பல வருடம் தாங்கும் செயின் இங்கே சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

கை வைப்பதற்கு முன்னால் முட்டுக் கொடுக்கும் வேலை. இதை மட்டும் நான் யாருக்காகவும் அவசரப்படுத்துவதில்லை. மாஸ்ட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே ஆள் நுழையும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. அந்த நேரத்தில் அத்தனை எடையையும் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் மட்டும்தான். யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலோ, ஒரு ஹோஸ் விட்டுப்போனாலோ என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உள் மாஸ்ட்டின் குறுக்குச் சட்டத்துக்கும் வெளி மாஸ்ட்டின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் நல்ல கெட்டி மரக்கட்டை வைத்து, மெதுவாக இறக்கி எடையை அதன் மேல் உட்கார வைத்தேன். இரண்டு மாஸ்ட்டையும் சேர்த்துச் சங்கிலியால் ஒரு கட்டு. கேரேஜுக்கு அடியில் ஸ்டாண்ட். பிறகு இன்ஜினை அணைத்து லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றினேன். சாவி என் சட்டைப் பையில். டயருக்குக் கட்டை.

செயினை வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. கறுப்பாக, வழவழப்பாக, கிரீஸ் அப்பியிருந்தது. டீசலும் பிரஷ்ஷுமாகக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகுதான் நிஜ முகம் தெரிந்தது. பின் தலைகளைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரிச் சிவப்புத் துரு. மாஸ்ட் செயினில் கிரீஸ் பூசுவது நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். கிரீஸ் மேலேயே தங்கிவிடும், பிளேட்டுக்கும் பின்னுக்கும் இடையில் போகாது. போதாததற்கு உள்ளே போன உப்புத் தண்ணீரை வெளியே விடாமல் மூடிவைத்துவிடும். இதற்கு வேண்டியது எஸ்ஏஈ 40 மாதிரி கெட்டியான இன்ஜின் ஆயில். செயினைச் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தடவினால் இடுக்கில் தானாக இறங்கும்.

அளக்கும் விதம் இது. இந்த வண்டியில் இருப்பது முக்கால் அங்குல பிட்ச் லீஃப் செயின், அதாவது பிளேட்டுகளைப் பின்னால் கோத்த செயின். பிட்ச் என்பது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், இங்கே 19.05 மி.மீ. பதினாறு பிட்ச் சேர்ந்தால் 304.8 மி.மீ., அதாவது சரியாக ஓர் அடி. மூன்று விழுக்காடு கூடி 314 மி.மீ. தொட்டுவிட்டால் செயினைக் கழற்றிப் போட வேண்டியதுதான். செயின் நீள்வது இரும்பு இழுபட்டு அல்ல. பின்னும் அது உட்கார்ந்திருக்கும் ஓட்டையும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் துளித்துளியாக இடைவெளி கூடுகிறது. பின் தேய்ந்தால் பலமும் அதோடு குறையும். அளக்கும்போது செயின் தொங்கலாக இருக்கக் கூடாது, விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்டீல் டேப்பை ஒரு பின்னின் மேல் விளிம்பில் வைத்தால் பதினேழாவது பின்னின் மேல் விளிம்பில் முடிக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் தேடினால் ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே போய்விடும்.

எங்கே அளப்பது என்பதும் முக்கியம். ஆங்கர் பக்கத்து முனை, செயின் ஓடும் வீல் மேல் ஏறி இறங்குவதே இல்லை, அதனால் அங்கே தேய்மானமும் கிடையாது. அங்கே அளந்தேன், 305. புதுச் செயினின் அளவு அப்படியே இருக்கிறது. அடுத்து, தினமும் வீலைச் சுற்றி வளைந்து நிமிரும் பகுதி. இடது செயின் 310.5. வலது செயின் 315. ஒரே நாளில் போட்ட ஜோடி, ஒரே சுமை, இவ்வளவு வித்தியாசம் எதனால் என்று தேடியபோது, கேரேஜில் இடது ஃபோர்க்கை நகராமல் பிடிக்கும் லாக் பின்னின் ஸ்பிரிங் போயிருந்தது. ஓட ஓட அந்த ஃபோர்க் நடுவை நோக்கி நகர்ந்துவிடும். ஆபரேட்டர் ஃபோர்க் இரண்டின் நடுவைப் பார்த்து பேலட்டை எடுப்பார், ஆனால் அந்த நடு கேரேஜின் நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளியிருக்கும். பாரத்தில் பெரும் பங்கு வலது செயினுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பத்துப் பைசாவுக்கு மதிப்பில்லாத ஒரு ஸ்பிரிங் செய்த வேலை இது.

வலது செயினை விரலால் வளைத்துப் பார்த்தபோது சில மூட்டுகள் நிமிர மறுத்தன. உள்ளே துரு பிடித்து இறுகிய மூட்டு வீல் மேல் ஏறும்போது பின் பிளேட்டோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பியிருக்கிறதா என்பது பின் தலைகளை வரிசையாகப் பார்த்தால் தெரியும். இரண்டு தலைகள் மற்றவற்றோடு ஒட்டாமல் கோணலாக நின்றன. இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

"தம்பி, வலது பக்கம் மட்டும் மாத்துனா போதாதா?" என்று ஆபரேட்டர் அண்ணன் கேட்டார். இடது செயின் அளவுப்படி இன்னும் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் புதுசும் பழசும் ஜோடி சேராது அண்ணே, முதல் நாளிலிருந்தே நீளம் வேறு, பாரமும் வேறு வேறாகப் போகும் என்றேன். செயின் இரண்டு, ஆங்கர் போல்ட் இரண்டு, அவற்றின் பின், காட்டர் பின் எல்லாமே புதுசு என்று பட்டியல் போட்டேன். பழைய செயினில் கெட்ட கண்ணிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மாற்றுவது, வெல்டிங் வைப்பது, துரு போக முலாம் பூசக் கொடுப்பது, பெயின்ட் அடிப்பது, இதெல்லாம் செயினைக் கொல்லும் வேலை. ஆசிட்டில் போட்டு முலாம் பூசினால் கடினமான ஸ்டீல் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பளபளவென்று இருக்கும், ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் அறுந்துவிடும்.

அடுத்து ஃபோர்க். செயின் நீண்டதால் கேரேஜ் தாழ்ந்து, ஃபோர்க் வளைகிற குதிப்பகுதி கான்கிரீட்டில் தேய்ந்துகொண்டே ஓடியிருக்கிறது. தரை உரசல் என்று புகார் வந்ததற்குப் பின்னால் நடந்தது இதுதான். ஃபோர்க்கின் நிமிர்ந்து நிற்கும் பகுதி எதிலும் உரசுவதில்லை, அதனால் ஆதி கனத்தை அங்கே எடுக்கலாம். 45 மி.மீ. படுக்கைப் பகுதி தொடங்கும் குதியில் காலிப்பர் வைத்தேன். இடது 42.1, வலது 40.2. ஐஎஸ்ஓ 5057 தரப்படி பத்து விழுக்காடு தேய்ந்துவிட்டால் ஃபோர்க்கை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே எல்லை 40.5. வலது அதைத் தாண்டிவிட்டது.

பத்து விழுக்காடுதானே என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது. வளையும் பட்டையின் பலம் கனத்தின் இருமடிப்படி போகும். 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81. கனம் பத்து போனால் பலம் இருபது போகிறது. மூன்று டன் என்று தகட்டில் எழுதியிருக்கிறது, ஃபோர்க்கில் இருப்பது இரண்டரைக்குக் கீழே. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது.

குதியிலும், மேல் கொக்கி வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று டிபிடி, அதாவது சாயம் ஊற விட்டு விரிசல் தேடும் சோதனை, செய்தோம். அதிகச் செலவில்லாத சோதனை. மூன்று ஸ்பிரே டப்பா போதும். பெயின்ட்டையும் துருவையும் நீக்கி கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, கால் மணி நேரம் போல ஊற விட வேண்டும். பிறகு மேலே இருப்பதைத் துடைக்க வேண்டும். துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்கலாம், நேராக ஃபோர்க்கின் மேல் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பர். குதியின் உள்வளைவில்தான் இழுவிசை அதிகம் என்பதால் கண் முழுக்க அங்கேயே இருந்தது. அங்கே ஒன்றுமில்லை. இடது ஃபோர்க்கின் மேல் கொக்கி வெல்டிங் ஓரத்தில், வெள்ளைப் பரப்பின் மேல் கட்டை விரல் நகம் நீளத்துக்கு மெல்லிய சிவப்புக் கோடு மெதுவாக எழுந்து வந்தது. கனம் நன்றாக இருந்த ஃபோர்க் இது. காலிப்பரை மட்டும் நம்பியிருந்தால் இதைத் திரும்ப மாட்டியிருப்போம்.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், "வெல்டிங் வெச்சு ஏத்திரலாம் அண்ணாச்சி, புதுசு எதுக்கு?" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோர்க் என்பது வெப்பப் பதம் கொடுத்த அலாய் ஸ்டீல். அதன் மேல் சாதாரண ராடு போட்டு வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பதம் போய், அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பும். தயாரித்தவர் தவிர வேறு யாரும் அதில் வெல்டிங் வைக்கக் கூடாது. ஜோடியாகப் புது ஃபோர்க் வந்தது. பழையதை நெம்புகோலுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். கேஸ் கட்டரால் குறுக்கே வெட்டிவிட்டுக் கொடுத்தேன். முழுசாக விட்டால் என்றைக்காவது அவசரத்தில் ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிடும்.

செயின் மாற்றுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய செயினின் முனையில் புதியதைக் கம்பியால் கட்டி வீல் மேல் இழுத்துவிட்டால் தானாக ஏறிவிடும். பழையது வெளியே வந்தபோது வலது செயின் வீல் கையில் கரகரவென்று சுற்றியது, பேரிங்கில் உப்பு. இரண்டு வீலின் பேரிங்கையும் மாற்றினோம். புதுச் செயினில் கம்பெனி தடவி அனுப்பும் எண்ணெயை டீசல் விட்டுக் கழுவ ஒரு பையன் தயாராக நின்றான், தடுத்துவிட்டேன். கழுவினால் உள்ளே போயிருக்கும் நல்ல எண்ணெய் போய்விடும். மாஸ்ட்டை நேராக நிறுத்தி, இரண்டு செயினையும் நடு உயரத்தில் கட்டை விரலால் அழுத்தி, இரண்டும் ஒரே மாதிரி உள்வாங்குகிறதா என்று பார்த்து நட்டுகளை நிறுத்தினேன். லாக் நட், காட்டர் பின், அப்புறம் அந்த லாக் பின் ஸ்பிரிங்.

சோதனைக்கு எடை தெரிந்த சுமை வேண்டும். உப்புக் கிடங்கில் அதற்குப் பஞ்சமில்லை. 25 கிலோ மூட்டை 116 அடுக்கி, பேலட்டோடு மூன்று டன்னுக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டோம். சுற்றி ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, சுமையைத் தூக்கி நிறுத்தி மாஸ்ட்டில் சாக்பீஸ் கோடு. ஐஎஸ்ஓ 3691 பாகம் 1 சொல்கிற கணக்கு, பத்து நிமிடத்தில் 100 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. இருபது கூட இறங்கவில்லை. லிஃப்ட் சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தது.

மாஸ்ட்டை முன்னும் பின்னும் சாய்க்கும் டில்ட் சிலிண்டர் அப்படி இல்லை. மாஸ்ட்டில் கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒரு மீட்டர் நூலில் தொங்கவிட்டேன். பத்து நிமிடத்தில் மாஸ்ட் ஐந்து டிகிரிக்கு மேல் முன்னால் சாயக் கூடாது. ஒரு மீட்டர் நூலில் ஐந்து டிகிரி என்பது சுமார் 87 மி.மீ. எட்டு நிமிடத்துக்குள் குண்டு அதைத் தாண்டிவிட்டது. தூக்கிய சுமை தானாக முன்னால் சாய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரை ஏறக்குறைய அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமையின் மையம் ஃபோர்க் முகத்திலிருந்து 500 மி.மீ. தூரத்தில் இருந்தால் மூன்று டன் தூக்கலாம். அது 600 மி.மீ.க்கு நகர்ந்தாலே அதே வண்டியின் தாங்கும் திறன் சுமார் 2,700 கிலோவுக்கு வந்துவிடும். மாஸ்ட் சாயும்போது உயரத்தில் இருக்கும் சுமை இதைவிட அதிகமாக முன்னால் போகும்.

வலது டில்ட் சிலிண்டர் கழுத்தில் எண்ணெய் ஈரம். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். ஊசித்துளை வழியாக அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத்துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். சீல் கிட் மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சிலிண்டர் ராடைத் துடைத்து நகத்தால் வருடினேன், நகம் சொரசொரவென்று தட்டியது. உப்புக்காற்றில் குரோம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தது. இந்த ராடின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் கிழித்துவிடும். இரண்டு ராடையும் ஹார்டு குரோமுக்கு அனுப்பி, கிரைண்ட் செய்து வந்த பிறகு சீல் கிட் போட்டோம். அதே குண்டு, அதே நூல், பத்து நிமிடம். ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை.

மற்றவை விரைவாக முடிந்தன. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பின்சக்கரம் திரும்பும் கிங் பின்னில் லேசான ஆட்டம். கிரீஸ் நிப்பிள் இரண்டு அடைத்திருந்தன, மாற்றிக் கிரீஸ் ஏற்றியதும் பெரும்பாலும் அடங்கியது. ஹேண்ட் பிரேக் சரிவில் நின்றது. ரிவர்ஸ் பஸ்ஸரின் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள், சத்தம் தொந்தரவாம். திரும்பக் கொடுத்தாயிற்று.

தினப் பரிசோதனைத் தாளைக் கேட்டேன். அழகாக இருந்தது. முப்பது வரி, எல்லாவற்றிலும் டிக், அந்த வாரத்தில் இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து. ஆபரேட்டர் அண்ணனைக் குறை சொல்லி என்ன பயன்? ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது லாரி வாசலில் நிற்கிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178 தினமும் வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கச் சொல்கிறது. நம் நாட்டில் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவே தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று எழுதிவைத்தது. இரண்டும் தாளில் நிறைவேறிவிடுகின்றன. டிக் போட வண்டியருகே போக வேண்டியதே இல்லை என்பதுதான் சிக்கல்.

தாளைச் சுருக்கினேன். ஆபரேட்டர், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணை எழுத வேண்டும், அதற்கு வண்டியில் ஏறியாக வேண்டும். நிறுத்தி வைத்த இடத்தில் தரையில் எண்ணெய்த் துளி எத்தனை என்று எழுத வேண்டும். செயினை விரலால் அழுத்தி, இரண்டும் ஒரே மாதிரியா என்பது ஒரு வரி. ஃபோர்க் லாக் பின், டயர், ஹாரன், பஸ்ஸர், பிரேக். அவ்வளவுதான். இதில் ஒன்று கெட்டிருந்தாலும் சாவியைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிடலாம், லோடு தாமதமானால் அண்ணனைக் கேட்கக் கூடாது என்று முதலாளியையே சொல்ல வைத்தேன். இந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் செயின் மாற்றியதைவிட அதிக நேரம் ஆனது.

செயின் அளவு இனி 250 மணி நேரத்துக்கு ஒரு முறை, 16 பிட்ச், இரு பக்கமும், அதே பின்களில் அளக்க வேண்டும். எங்கே அளந்தோம் என்பதைக் காட்ட அந்தப் பின்களுக்கு நேரே மாஸ்ட்டில் சின்னப் பெயின்ட் புள்ளி, செயினில் அல்ல. ஆங்கர் நட்டைத் தொட வேண்டுமானால் முதலில் அளவை எழுத வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்தால் செயினில் நேராக அடிக்காமல் இருப்பது, அன்றைக்கே காய வைத்து ஆயில் தடவுவது. மழை மூட்டத்தில் வாரம் இரண்டு தடவை ஆயில்.

பாக்கி இருப்பது பின் சாலிட் டயர்கள். வலது பின் டயரில் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு பெயர்ந்திருக்கிறது, ஜோடியாக ஆர்டர் போட்டிருக்கிறார்கள். வரும் வரை வண்டிக்கு ஒரு பேலட், அதாவது ஒன்றரை டன், அதற்கு மேல் இல்லை. மேல் அடுக்கு வேலையும் கிடையாது. டேஷ்போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.